ஓடாத லோடரும் பொறுங்க மச்சானும்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் முதலில் வருகிற சொல் ‘பொறுங்க’. வண்டி ஓடவில்லையென்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் பொறுங்க. முதலாளியே எதிரில் வந்து குதித்தாலும் பொறுங்க. கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கிற அவருக்கு கல் உடைக்கிற எங்கள் கிரஷரில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. "போய்ப் பொறுங்கவைக் கூட்டிக்கிட்டு வா" என்றுதான் ஆள் அனுப்புவார்கள்.

நான் அங்கே லோடர் ஓட்டினேன். குவிந்து கிடக்கிற கல்லை அள்ளிக்கொண்டுபோய் அரைக்கிற இயந்திரத்தின் வாயில் கொட்டுகிற வண்டி. இருபத்திரண்டு வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மச்சானைக் கேலி செய்யாமல் ஒரு நாள் போனால் அன்று சாப்பாடு செரிக்காது. "வாய்க்குப் பூட்டா மச்சான்? சாவி அக்காகிட்ட இருக்கா?" என்பேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், திரும்ப நட்டைத் திருகப் போய்விடுவார். அந்த மௌனம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியபின் ஒரு பெரிய பட்டறையில் சேர்ந்தார். அங்கே ஆறு வருடம் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கழற்றிப்போட்ட பாகங்களை டீசலில் கழுவுவது. வேறொருவன் என்றால் ஆறு மாதத்தில் ஓடியிருப்பான். நான் ஆறு நாளில் ஓடியிருப்பேன். இவரோ கழுவும்போது ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்தப் பல் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, இந்தப் பிளேட் ஏன் நீலம் பாய்ந்தது, இந்த பேரிங் சூட்டில் செத்ததா, ஆயில் இல்லாமல் தாகத்தில் செத்ததா. பிணங்களைக் கழுவிக் கழுவியே ஒருவன் வைத்தியன் ஆனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா சொன்னது.

வண்டி நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வண்டியின் முன்னால் இருக்கிற பக்கெட் நிறையக் கல்லோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, வண்டி மட்டும் நின்றுவிட்டது. கைப்பிடியை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். ஒன்றுமில்லை. மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்ததும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. கைப்பிடியைத் தள்ளினால் கியர்பாக்ஸில் ஒரு பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தம் உள்ளேயிருக்கிற கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும், வண்டி நகரும். அழுத்தம் இல்லையென்றால் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குக் காது கேட்காது.

அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். பிறகு ஓடியது. பத்து நிமிடம் ஓடி மறுபடி நின்றது. முதலாளி அன்றைக்கே கம்பெனியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கம்ப்யூட்டர். வயரைச் சொருகிப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் காட்டவில்லை. என்னைக் கீழே நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்னாடி போற வேகத்துலயே ரிவர்ஸ் போடுவீங்களா?" போடுவேன்தான். எல்லா ஆபரேட்டரும் அவசரத்துக்குப் போடுவான். நான் எச்சில் விழுங்கியதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கிளட்ச் பிளேட் கருகிவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், மூன்று வாரம் ஆகும், காரணம் ஓட்டுகிறவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். எங்கள் கிரஷரில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: வண்டி யாரால் நின்றதோ அவன் வெளியே. அதிலிருந்து இதுவரை யாரும் தப்பியதில்லை. "இருபத்திரண்டு வருஷம்னு பார்க்கிறேன். நாளைக்கு ஒரு நாள் உன் மச்சான் பார்க்கட்டும். அவரும் இதையே சொன்னார்னா சாவியை வெச்சிட்டுப் போயிடு" என்றார். கியர்பாக்ஸைக் கருக்கியவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எந்த கிரஷரிலும் எனக்கு இருக்கை கிடையாது. எனக்கு வேறு வேலையும் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் இருந்தது அப்படியே இருந்தது.

மறுநாள் காலை மச்சான் வந்தார். வண்டியைத் தொடவே இல்லை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார். ஏற்றத்தில் நின்றதா, சமதரையில் நின்றதா? ஒரேயடியாக நின்றதா, தளர்ந்து தளர்ந்து நின்றதா? நிற்கும் முன் ஏதாவது சத்தம் கேட்டதா? அன்று ஒரே மூச்சில் அவர் பேசிய அளவுக்குத் தன் கல்யாணத்தில்கூடப் பேசியிருக்க மாட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அரை மணி நின்னா ஓடுதுன்னு சொன்னியே மாப்ளே. ஒவ்வொரு வாட்டியும் ஓடுதா?"

"ஒவ்வொரு வாட்டியும் ஓடுது மச்சான்."

"தேஞ்சுபோன பிளேட் அரை மணி தூங்கி எந்திரிச்சா வளந்துடுமா?"

இவ்வளவுதானே! கருகியது கருகியதுதான், ஓய்வு எடுத்தால் அது சரியாகாது. கம்ப்யூட்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இன்ஜினை ஓடவிட்டு ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார். இந்த வண்டிக்கு ஓடும்போது பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும். சரியாக இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு முகர்ந்தார். "கருகின வாடை இல்ல." பிரேக் மிதியின் அடியில் படுத்து, அது முழுதாக மேலே வருகிறதா என்று பார்த்தார். அது சிக்கிக்கொண்டாலும் வண்டி கியர் பிடிக்காதாம். பிறகு கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூடியைக் கழற்றி, அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினார். முள் பதினெட்டில் போய் நின்றது. அதுதான் இருக்கவேண்டிய அளவு.

"ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். அவர் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு முள்ளையே பார்த்தபடி கூட வந்தார். ஆறு நிமிடம் ஆனதும் முள் நடுங்கியது. பதினைந்து, பத்து, நாலு. வண்டி நின்றது. அப்போதுதான் அவர் "கேளு" என்று கையை உயர்த்தினார். எங்கோ அடியிலிருந்து ஈனமாக ஒரு சத்தம். இருபத்திரண்டு வருடம் அந்த இன்ஜின்மேல் உட்கார்ந்தவனுக்கு அது அதுவரை கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

"பம்புக்கு மூச்சு முட்டுது. கீழ ஆயிலை உறிஞ்சுற வாயை என்னமோ அடைக்குது. இன்ஜினை நிறுத்தினா உறிஞ்சல் நின்னு அது கீழ விழுந்துடும். மறுபடி ஓட்டினா மெல்ல வந்து ஒட்டிக்கும்."

இரும்புச் சுவருக்குப் பின்னால், இருட்டில், ஆயிலுக்குள் நடப்பதை அந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். கேலி செய்யலாமென்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்து ஃபில்டரைக் கழற்றி, ரம்பத்தால் அதன் தகரத்தை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளை வெள்ளைத் துணியின்மேல் விரித்தார். காந்தத்தை மேலே ஓட்டினார். "பல் உடைஞ்சா இரும்புத் தூள் வரும். பிளேட் தேஞ்சா பழுப்பா வரும். எதுவுமே இல்ல. நல்ல கியர்பாக்ஸ் மாப்ளே. நீ ஒண்ணும் பண்ணல." எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் படுவதாகச் சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் தாளின் ஒரு மடிப்பில் குனிந்திருந்தார். சாமணத்தால் எதையோ எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நூல். அரை விரல் நீளம். ஆயிலில் ஊறியும் சிவப்பு போகாத நூல். அதைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"முதலாளியைக் கூப்பிடு. அடி மூடியைத் திறக்கும்போது அவர் இருக்கணும்" என்றார்.

அந்த நூல் யாருடையது என்று எனக்கும் தெரியும். பட்டறைகளில் கை துடைக்கப் பனியன் கம்பெனியில் கழித்த துணி, ‘பனியன் வேஸ்ட்’, வாங்குவார்கள். மச்சான் அதைத் தொடமாட்டார், பிசிறு உதிருமாம். அக்கா பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி, ஓரத்தை மடித்துச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு துணி. வேலை தொடங்கும்போது எண்ணி எடுப்பார், முடியும்போது எண்ணி வைப்பார். பன்னிரண்டும் வராமல் எதையும் மூட மாட்டார். அந்த எண்ணிக்கையையும் நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

முதலாளி வந்து நின்றார். மச்சான் ஆயிலை வடித்து, அடி மூடியின் நட்டுகளில் இருந்த மஞ்சள் கோடுகளை அவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கழற்றி, உறிஞ்சுகிற வாயில் இருந்த கம்பிவலையை வெளியே இழுத்தார். வலைமேல் ஒரு துணி, ஈரத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்தார். நாங்கள் இரண்டடி தள்ளி நின்றோம், அவர் வண்டிக்கு அடியில் குனிந்திருந்தார். சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு "வலை அழுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது கதை. நானாக இருந்தால் முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்திருப்பேன். அவர் அதை வெளியே கொண்டுவந்து, பிழிந்து, பக்கெட்டின் விளிம்பில் நாலு மூலையும் தெரிகிற மாதிரி விரித்தார்.

"என் துணி முதலாளி. ரெண்டு மாசம் முன்னாடி வலையைக் கழுவ எடுத்தப்போ, தூசி போகாம இருக்க வலை இருந்த ஓட்டையில ரெண்டு துணி வெச்சேன். ஒண்ணை எடுத்திருக்கேன். ஒண்ணு உள்ள போயிருக்கு. இத்தனை நாள் மூலையில கிடந்து, இப்போ வாய்க்கு வந்திருக்கு. இவன் மேல தப்பில்ல."

முதலாளி சிரித்தார். "மச்சினனைக் காப்பாத்த நல்லா வேஷம் கட்டுறீங்க. இவனே அப்புறமா திறந்து எதையாவது போட்டிருப்பான்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். தான் குற்றவாளி என்று நிரூபிக்க ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டு அன்றுதான் பார்த்தேன். முதலாளியைக் கீழே குனியவைத்து, கழற்றிய நட்டுகளைக் காட்டினார். இறுக்கியதும் நட்டின் மேலும் மூடியின் மேலுமாக ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுப்பது அவர் வழக்கம். யாராவது நட்டைத் தொட்டால் கோடு விலகிவிடும். "இன்னிக்கு நான் கழட்டுற வரைக்கும் எட்டுக் கோடும் நேரா இருந்துச்சு. நீங்களே பார்த்தீங்க. எனக்கப்புறம் யாரும் திறக்கல." பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை எண்ணிக் காட்டினார், பதினொன்று; விரித்த துணியோடு பன்னிரண்டு. வண்டியைப் பார்த்த அதே நிதானம், அதே வரிசை. தன்மேலும் அப்படியே கேஜ் மாட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு எண்ணலையா?"

"எண்ணினேன். பதினொண்ணுதான் இருந்துச்சு. தேடாம மூடிட்டேன்."

"ஏன்?"

மச்சான் துணிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அன்று கிரஷர் காத்துக்கொண்டிருந்தது. நான் மேலே இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். "மாப்ளே, ஒரு துணி குறையுது. கண்ணாடி துடைக்க நீ எடுத்தியா?" என்று கீழேயிருந்து கேட்டார். நான் எடுக்கவில்லை. ஆனால் "எடுத்தேன், எடுத்தேன், மூடுங்க சீக்கிரம்!" என்று கத்தினேன். அவர் வாயை மூடவைக்க ஒரு பொய். சொன்ன மறுநிமிடம் எனக்கே மறந்துபோன பொய். பதறிய காரியம் சிதறும் என்பார்கள். பதறியது நான். சிதறியது அவர்.

இப்போது அவர் என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் நாலு வார்த்தை சொன்னால் போதும். என் நீளமான வாய் அன்று பார்த்து ஒட்டிக்கொண்டது.

வலையைக் கழுவிப் போட்டு, புது ஃபில்டர் மாட்டி, ஆயில் நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். முள் பதினெட்டை விட்டு அசையவில்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளையிலிருந்து நீங்க வரவேணாம் மெக்கானிக்." மச்சான் தலையாட்டினார். பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் இருசக்கர வண்டியில் போய்விட்டார். மூன்று வார வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தவர், வேலையில்லாமல் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அந்தத் துணியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தையல்ல ஒரு இழை பிரிஞ்சிருக்கு தம்பி. அதனாலதான் மாட்டிக்கிட்டார்" என்றாள். அவளுக்கும் அவர் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

"நான் எடுத்தேன்னு சொன்னேனே மச்சான். அதை ஏன் முதலாளிகிட்ட சொல்லல?"

அவர் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"நீ எடுத்தேன்னு சொன்னே. எங்க, காட்டுன்னு நான் கேக்கல. சொல்றதை நம்பி மூடுறதுக்கு நான் எதுக்கு மாப்ளே? எண்ணுறது என் வேலை."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பவில்லை. நேரே முதலாளியின் அறைக்கு ஏறினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹாரனையும் சொன்னேன், துணியையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். வழக்கமாக ஒரு மணி நேரம் இழுக்கிற நான் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். முதலாளி டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"இதை யார் உன்னைச் சொல்லச் சொன்னது? உன் மச்சானா?"

"யாரும் சொல்லல முதலாளி."

"உங்க குடும்பத்துல ஒருத்தருக்குமே வாயை மூடிக்கிட்டுப் பிழைக்கத் தெரியாதா?" என்றார். ஜன்னல் வழியாக லோடரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அவரை நாளைக்கு வரச் சொல்லு. நீ சாவியை வை."

வைத்தேன். இருபத்திரண்டு வருடம் இடுப்பில் தொங்கிய சாவி. படி இறங்கும்போது நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் நடந்தேன், அவரை வேலைக்கு வரச் சொல்ல வேண்டும்.